ஜப்பான் சைக்கிளும் கிளிநொச்சி வாய்க்கால் கரைகளும்

ஏ9 வீதி ஓரத்தில் வரிசையாக நிறுத்தி வைத்து விற்கிறார்களே, முன்னுக்குக் கூடையும் வளைந்த ஹாண்டிலும் அகன்ற சீற்றுமாக, அந்தப் பழைய ஜப்பான் சைக்கிளில் ஒன்றை வாங்கலாமா என்று பலபேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன். பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்க, மில்லில் இருந்து அரிசி மூட்டை கொண்டுவர என்று கேட்டால் என்னிடம் பதில் அரைகுறைதான். நான் வாங்கியது சும்மா ஓடித் திரிய. மாரி ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கி, ஆனால் குளிர் இன்னும் விட்டுப்போகாத மார்கழிக் கடைசி, தை, மாசி முதல் பாதி, இந்தக் காலத்தில் கிளிநொச்சியைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் அவசரமில்லாமல் ஓட இந்த விலைக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. கடையில் தருகிற நிலையிலேயே ஓடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சில சாமான்களை மாற்றித்தான் ஆக வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இவை எதுவும் புதிது இல்லை. ஜப்பானில் ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிற சைக்கிள்களை அங்குள்ள நகரசபைகள் அள்ளிக்கொண்டு போய் வைத்திருப்பார்கள், குறித்த காலத்துக்குள் உரியவர் வந்து எடுக்காவிட்டால் விற்றுவிடுவார்கள். வீட்டில் கழித்த சைக்கிள்களும் சேர்ந்து, கொள்கலன் கொள்கலனாக வெளிநாடுகளுக்குப் போகும். என்னுடையதில் சீற்றுக்குக் கீழே உள்ள குழாயில் ஜப்பான் எழுத்தில் ஒரு மஞ்சள் ஸ்ரிக்கரும் அதில் நீட்டாக ஒரு இலக்கமும் இருக்கிறது. களவு போனால் கண்டுபிடிக்க அங்கே சைக்கிளைப் பதிந்து ஒட்டுகிற இலக்கம் அது. கடைக்காரர் அதைக் கத்தியால் சுரண்டி எடுக்கப் போனார். விடுங்கோ அண்ணை, கிடக்கட்டும் என்றேன். பின் மட்காட்டில் பாதி கிழிந்த இன்னொரு சின்ன ஸ்ரிக்கர், யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை ஓடியிருக்க வேண்டும். ஓடியவர் யாராக இருந்தாலும் மழையில் நனைய விட்டிருக்கிறார், ஸ்போக் கம்பிகளின் அடியில் துரு இருந்தது. நீங்கள் வாங்கப் போகும்போது பெயின்ரைப் பார்க்காதீர்கள், கம்பிகளைப் பாருங்கள்.

முதலில் இருக்கை. ஓடுகிறவர் நிமிர்ந்து உட்காருகிற அமைப்பு இது. ஹாண்டில் நம்மைத் தேடிப் பின்னுக்கு வளைந்து வருகிறது, முதுகு வளையாது, மணிக்கட்டில் பாரம் விழாது. பந்தயம் ஓடப் போகிறவருக்கு இது பிடிக்காது, காற்று முழுக்க நெஞ்சில் வந்து முட்டும். ஆனால் இரண்டு பக்கமும் வயல் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இதுதான் வேண்டும். பிறேம் நடுவில் தாழ்ந்து இறங்குகிறபடியால் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. செயின் முழுக்க மூடி இருக்கிறது, பாவாடையோ சுரிதாரோ சேலையோ கிரீஸ் பிரளாது. கோயிலுக்குச் சேலையோடு போய்விட்டு வீட்டுக்கு நேரே வராமல் வாய்க்கால் கரையால் சுற்றி வருகிற சுகத்தை இந்தச் செயின் கவர்தான் எனக்குத் தந்தது. ஆண்கள் இதைப் பொம்பிளையளின் சைக்கிள் என்று ஒதுக்குவது அவர்களுக்குத்தான் நட்டம்.

பாரம் கூடியதுதான். கூடை, ஸ்ராண்ட், லைற், பூட்டு எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்குக் கிட்ட வரும். தூக்கிப் பார்த்தால் வாங்க மனம் வராது. ஆனால் நாங்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டா திரியப் போகிறோம்? வன்னி தட்டை நிலம். ஒருமுறை உருளத் தொடங்கினால் அந்தப் பாரமே தள்ளிக்கொண்டு போகும்.

கியர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் கூடுதலான ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடையில் ஒற்றைக் கியர் சைக்கிளும் இருக்கும், மூன்று கியர் சைக்கிளும் இருக்கும், இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. மூன்று கியர் உள்ளதையே எடுங்கள், ஆனால் அந்தக் கியர் பின்சில்லின் நடுக்குடத்துக்குள் மறைந்திருக்கிற வகையாக இருக்கட்டும். பல்லுச்சக்கரங்கள் வெளியே அடுக்கி, செயின் அங்கும் இங்கும் பாய்கிற வகை நம்முடைய புழுதிக்கும் களிக்கும் சரிவராது. என்னுடையதில் இருப்பது சிமானோவின் மூன்று கியர்க் குடம். நடுக்கியர் நேர்க்கியர், அதாவது பின் பல்லுச்சக்கரம் ஒருமுறை சுற்றினால் சில்லும் ஒருமுறை சுற்றும், முதற் கியர் அதைவிட 27 சதவீதம் இலகு, மூன்றாவது 36 சதவீதம் பாரம். பெரிய இடைவெளி இல்லைத்தான். மலைநாட்டில் இது காணாது. இங்கே ஏற்றம் என்று எதைச் சொல்கிறோம்? குளக்கட்டு, பாலத்துக்கு ஏறுகிற மேடு, அதை விட்டால் எதிர்க்காற்று. மூன்றுக்கும் முதற் கியர் தாராளம். நின்ற நிலையிலேயே கியர் மாற்றலாம் என்பது இன்னொரு பெரிய வசதி. ஒழுங்கையில் மாட்டுப்பட்டி குறுக்கே வந்தால் காலை ஊன்றி நின்று, முதலுக்குத் தட்டிவிட்டு, பட்டி கடந்ததும் நோகாமல் மிதித்துக்கொண்டு போகலாம்.

கியர் சில நேரம் வழுக்கும், மிதிக்கும்போது வெறுமையாகச் சுற்றும். குடம் பழுது என்று சொல்லி விலை குறைத்துக் கேட்கவோ விட்டுவிட்டு வரவோ தேவையில்லை. இரண்டாம் கியரில் வைத்துவிட்டு, பின்சில்லின் வலப்பக்க அச்சில் இருக்கிற சின்னப் பெட்டியைக் குனிந்து பார்த்தால் ஒரு கண்ணாடி ஜன்னலும் அதற்குள் மஞ்சள் கோடும் தெரியும். கோடு குறிக்கு நேரே வரும்வரை கேபிள் நட்டைத் திருகிவிட்டால் போதும். சந்தியில் இருக்கிற சைக்கிள் கடை அண்ணை இதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் இதைக் கழற்றி அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார்.

சரி, எங்கே ஓடுவது? கரடிப்போக்குச் சந்தியில் ஏ9ஐ விட்டு மேற்கே திரும்பினால் உருத்திரபுரம் வீதி. அந்த ஒரு திருப்பத்திலேயே பஸ் சத்தமும் லொறிச் சத்தமும் அடங்கிவிடும். எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று ஊருக்கே வாய்க்கால் இலக்கம்தான் பெயர். இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலில் இருந்து பிரிந்து வருகிற கிளைகள் இவை. காப்பெற் வீதியில் நேரே போகாமல் எந்தக் கிளையோரமாகத் திரும்பினாலும் ஒரு ஒழுங்கை கிடைக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல், இடையிடையே மருதும் வேம்பும் பனையும். உருத்திரபுரத்துச் சிவன் கோயில் பக்கம் போனால் பழைய செங்கல்லும் மட்பாண்டத் துண்டுமாக நிலமே வேறு வயது. அங்கே நிறுத்தி இளைப்பாறலாம், நல்ல நிழல்.

தைப்பொங்கலை ஒட்டிய காலைதான் இந்த ஒழுங்கைகளின் உச்சம். காலபோக நெல் அப்போது ஒரே நிறத்தில் இருக்காது. முந்தி விதைத்தவருடைய வயல் பழுத்துத் தலை சாய்ந்திருக்கும், பிந்தி விதைத்தவருடையது பச்சையாகப் பால் கட்டிக்கொண்டிருக்கும், வரம்புக்கு வரம்பு நிறம் மாறும். சூரியன் ஆறரைக்குக் கிட்டத்தான் தலை காட்டும். ஆறேகாலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் பனிமூட்டத்துக்குள் ஓடி, வெயிலுக்குள் வெளியே வரலாம். வரம்புப் புல்லில் சிலந்தி வலையெல்லாம் நனைந்து வெள்ளையாகத் தெரியும், சைக்கிள் பெல்லின் மூடியில் பனித்துளி துளியாகக் கட்டி, மணியை அடித்தால் எல்லாம் ஒன்றாக வழிந்து விரலில் விழும், சத்தமும் கொஞ்சம் அடைத்துத்தான் வரும். ஏழரைக்குப் பிறகு முதுகில் வெயில் ஏற ஏறக் காதில் மட்டும் குளிர் நிற்கும். 22 பாகையைக் குளிர் என்று சொன்னால் கனடாவில் இருக்கிற சித்தப்பா சிரிக்கிறார், சிரிக்கட்டும். இங்கே ஐயாமார் தலையில் துவாய் சுற்றி, சுவெற்றரும் போட்டுக்கொண்டுதான் மடை பார்க்க வருகிறார்கள். மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பார்கள், அது வரும்போது வயலில் பாதி அறுத்து முடிந்துவிடும்.

திருவெம்பாவை நாட்களில் இன்னும் வெள்ளண வெளிக்கிடலாம். ஒரு கோயிலின் ஸ்பீக்கரில் தொடங்கிய பாட்டு தேய்ந்துகொண்டு போகும்போது அடுத்த கோயிலின் சங்கும் சேமக்கலமும் பிடித்துக்கொள்ளும், இருட்டுக்குள் வழி தவற முடியாது. கடலையும் அவலும் கிடைத்தால் கூடைக்குள்.

இரணைமடுவுக்குப் போகிறவர்கள் ஏ9இல் இரணைமடுச் சந்தியில் கிழக்கே திரும்ப வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் கட்டத் தொடங்கிய குளம், வட மாகாணத்திலேயே பெரியது. முழுக்க நிறைந்தால் 36 அடி. மாரி நல்லாய்ப் பெய்த வருடத்தில் மார்கழியில் வான்கதவு திறப்பார்கள், அதைப் பார்க்க வருகிற மோட்டார்சைக்கிள் கூட்டத்தில் சைக்கிள்காரருக்கு ஒதுங்கவும் இடம் இருக்காது. 2018 மார்கழியில் திறந்தபோது வந்த வெள்ளத்தை அனுபவித்தவர்கள் இப்போதும் வான் பாயும் சத்தத்தை ரசிக்க மாட்டார்கள், எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான். தை பிறந்து கூட்டம் கலைந்த பிறகு போங்கள். கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, குளக்கட்டுக்குக் கீழே ஆறுதலாக ஓடினால் நீர்க்காகம் சிறகு விரித்து வெயில் காய்கிறதையும், கொக்கும் நாரையும் கரையோரச் சேற்றில் நிற்கிறதையும் பார்க்கலாம். மயில் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, கோழிக்கும் மயிலுக்கும் இங்கே கணக்கு வித்தியாசம் இல்லை.

காற்றை யோசித்து வழியைத் தெரிவு செய்யுங்கள். இந்த மாதங்களில் வாடைக்காற்று, வடகிழக்கில் இருந்து வரும். காலையில் மெல்லியதாக இருக்கும், ஒன்பது பத்து மணிக்கு எழும்பும். போகும்போது அதற்கு எதிரே போய், திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொண்டு வந்தால் களைப்பே தெரியாது. வட்டக்கச்சிப் பக்கம், பன்னங்கண்டி தாண்டிப் போகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். இதே சைக்கிளில் ஆனி ஆடிச் சோளகக்காற்றில் வெளிக்கிட்டால் நான் இப்போது எழுதுகிற நல்ல வார்த்தையெல்லாம் மறந்துபோகும். நிமிர்ந்து உட்காருகிற சைக்கிள், புழுதியும் வெக்கையும் முகத்தில், முதற் கியரிலும் மூச்சு வாங்கும்.

லைற் எனக்கு மிகவும் பிடித்த விசயம். முன்சில்லின் குடத்துக்குள்ளேயே டைனமோ இருக்கிறது, ரயரில் உரசுகிற போத்தல் டைனமோ இல்லை. 6 வோல்ட், 2.4 வாட், இருட்டினால் தானாகவே எரியும். பற்றரி இல்லை, சார்ஜ் இல்லை, மிதிக்கையில் இழுவை தெரியாது. நின்றால் அணைந்துவிடும், அதனால் பின்னுக்கு ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம். பனிமூட்டத்தில் எதிரே வருகிற உழவு இயந்திரக்காரருக்கு நான் தெரிவது இந்த லைற்றால்தான்.

டைனமோ என்றதும் வன்னிச் சனத்துக்கு வேறு ஞாபகம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வயர் கொழுவி மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்ட காலம். ரயர் ரியூப்புக்கும் தடை இருந்தது. இடம்பெயரும்போது வீட்டுச் சாமான் முழுக்க ஏறியதும் சைக்கிளில்தான். அதனால்தான் நான் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா, “நாங்கள் சைக்கிள் ஓடினது காணாதே, இனி ஆசைக்கும் ஓடோணுமோ?” என்று கேட்டா. கேள்வி நியாயம்தான். இப்போது கூடையைப் பார்த்துவிட்டு, வரும்போது முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வா என்கிறா.

கூடை நல்ல கூடை, ஆழமானது. பனங்கிழங்குக் கட்டு நிமிர்த்தி வைத்தாலும் விழாது. ஆனால் பாரம் முன்னுக்கு ஏற ஏற ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்கும், ஐந்து கிலோவுக்கு மேலே வைக்க வேண்டாம். தயிர்ச்சட்டி வைக்கிறதென்றால் அடியில் சாக்கு மடித்துப் போடுங்கள், காப்பெற் வீதி வரும்வரை கிறவலில் சட்டி நின்று நடனமாடும்.

குறைகளுக்கு வருவோம். பின்பிறேக் பெல்ற் வகை, அதாவது குடத்தோடு சேர்ந்த இரும்பு வட்டத்தை வெளியே இருந்து ஒரு பட்டி இறுக்குகிறது. பனியிலும் புழுதியிலும் நனைந்து காய்ந்தால் ஊரையே எழுப்புகிற கீச்சுச் சத்தம். பிடிக்கும், பிடிக்காமல் இல்லை, ஆனால் அந்தச் சத்தத்தில் வயலில் நின்ற கொக்குக் கூட்டமே எழும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அமைதியைத் தேடி ஓடுகிற சைக்கிளில் இப்படி ஒரு பிறேக்! எண்ணெய் விட்டால் சத்தம் நிற்கும் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள், சத்தத்தோடு பிறேக்கும் நின்றுவிடும். பட்டியைப் புதிதாக மாற்றிய பிறகு எனக்குச் சத்தம் பாதியாகக் குறைந்தது. அதே விலையில் குடத்துக்குள் மூடியிருக்கிற உருளைப் பிறேக் உள்ள சைக்கிள் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள், சத்தமே இல்லை. என்னுடைய அளவில் அது இருக்கவில்லை.

அடுத்தது ரயர். கடையில் இருந்து வந்த ரயர் பார்வைக்கு நல்லாய்த்தான் இருந்தது, பக்கச் சுவரில் தலைமயிர் அளவு வெடிப்புகள். வெயிலில் நிறுத்தி வைத்து விற்றால் அப்படித்தான். கடைக்காரரிடம் கேட்டேன், “இது ஜப்பான் ரயர் தங்கச்சி, ஆயுசுக்கும் இருக்கும்” என்றார். அந்த ஆயுசு முதல் கிறவல் ஒழுங்கையோடு முடிந்தது. உடனே இரண்டையும் மாற்றினேன், நீங்கள் வாங்கும்போதே அந்தக் காசையும் கணக்கில் சேருங்கள். அளவை மறக்க வேண்டாம்: 26 x 1 3/8. மவுன்ரன் சைக்கிளுக்கும் 26 என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது வேறு 26, றிம் விட்டமே 31 மில்லிமீற்றர் சிறியது, போடவே முடியாது. 27 அங்குலச் சில்லுள்ள ஜப்பான் சைக்கிளும் விற்கிறார்கள், ஓட அது இன்னும் சுகம், ஆனால் ரயர் தேடி வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலையத் தயாரென்றால் மட்டும் வாங்குங்கள். வால்வு எங்களுடைய பழைய சைக்கிள்களில் உள்ள அதே வகை, எந்தப் பம்மாலும் காற்றடிக்கலாம், வால்வு ரப்பர் எந்தக் கடையிலும் கிடைக்கும். கிறவலில் காற்றைக் கல்லாக அடிக்க வேண்டாம், பெருவிரலால் அமத்தினால் கொஞ்சம் இறங்குகிற மாதிரி விட்டால் கை விறைக்காது.

களியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மழை விட்டு இரண்டு நாள் கழியாத வயல் ஒழுங்கையில் இதைக் கொண்டுபோக வேண்டாம். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளிதான், களி அடைந்து சில்லு இறுகிவிடும். ஈர்க்கால் கிண்டி எடுத்துக்கொண்டு நின்றால் காலை போய்விடும். செங்கிறவல் ஒழுங்கைகளில் இந்தப் பிரச்சினை இல்லை, தண்ணீர் வடிந்து அடுத்த நாளே ஓடலாம்.

மச்சாள் என்னோடு வருவது அவவுடைய அப்பா காலத்து லுமாலா சைக்கிளில். 28 அங்குலச் சில்லு, ஒற்றைக் கியர். பள்ளமும் கல்லும் அந்தப் பெரிய சில்லுக்கு ஒரு பொருட்டில்லை, கரியரில் ஆளை ஏற்றினாலும் அசையாது. உண்மையைச் சொன்னால் மோசமான கிறவலில் அவதான் முன்னுக்குப் போவா. காற்றுக்கு எதிரே மட்டும் நான். கியர் அடுக்கிய புதிய மவுன்ரன் சைக்கிளில் ஒருநாள் மருமகன் வந்தான், பத்து நிமிசத்துக்கு ஒருமுறை எங்களுக்காக நின்று காத்திருந்து அலுத்துப்போய், பிறகு வரவில்லை. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு வேகம் இருக்கிறது, இந்த ஜப்பான் சைக்கிளின் வேகம் கதைத்துக்கொண்டு ஓடுகிற வேகம். அதற்கு மேலே மிதித்தால் சத்தம்தான் கூடும், தூரம் கூடாது.

ஒழுங்கையில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள், “வெள்ளணயே எங்க பிள்ளை வெளிக்கிட்டாச்சு?”

“சும்மாதான் ஐயா, ஓடிப்பாக்க.”

“சும்மாவோ?”

அந்த இரண்டாவது கேள்வியோடு மண்வெட்டியை ஊன்றி நின்று எங்களை ஒருமுறை நல்லாய்ப் பார்ப்பார்கள். வயலுக்கோ வேலைக்கோ கோயிலுக்கோ போகாமல் ஒருவர் சைக்கிள் ஓடுவது இங்கே விளக்கம் சொல்ல வேண்டிய காரியம். சில நாட்களில் நான் கூடைக்குள் ஒரு வெறும் பையைப் போட்டுக்கொண்டு போவேன், கேட்டால் மரக்கறி வாங்க என்று சொல்லத் தோதாக இருக்கும். பழகிவிட்டால் அவர்களே கூப்பிட்டுக் கதைப்பார்கள். மடையை வெட்டிவிட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா, இந்த முறை பங்குனிக்கு முன்னம் சூடு அடித்து முடியுமா, நெல்லுக்கு என்ன விலை போகும் என்று எனக்கே தெரிந்திருக்கும் போலக் கேட்டார். இஞ்சி போட்ட பிளேன்ரீயும் சுடச்சுட உழுந்து வடையும் கிடைக்கிற தேத்தண்ணிக்கடைகளையும் இவர்கள்தான் காட்டித் தருவார்கள்.

அறுவடை தொடங்கியதும் வழிகளின் நிலை மாறும். காப்பெற் வீதியில் பாதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள், மற்றப் பாதியில் இரண்டு பக்கத்து வாகனமும். நெல்லுக்கு மேலே ஓட வேண்டாம், அது அவர்களின் உழைப்பு, சில்லும் வழுக்கும். மணல் ஏற்றுகிற டிப்பர்கள் ஓடுகிற வழி எது என்று ஊராரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை அடியோடு தவிர்க்கவும், அவற்றுக்கு முன்னால் ஜப்பான் சைக்கிளும் லுமாலாவும் ஒன்றுதான். நாய் துரத்தினால் மிதித்துத் தப்ப முடியாது, இந்தச் சைக்கிளில் அது நடக்காது, இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதுவே குரைத்துக் களைத்துப் போகும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துக் காட்டு ஒழுங்கைகளில் வெள்ளணயும் மைமலுக்கும் யானை நிற்கும், அங்கே வெயில் ஏறிய பிறகு, ஊராரைக் கேட்டுக்கொண்டு போங்கள். மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் சில இடங்களில் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை கண்டால் படம் எடுக்கக்கூட வழியை விட்டு இறங்கக் கூடாது, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் இறங்கத் தேவையில்லை.

முறிகண்டிக்குப் போய் வரலாமா என்று கேட்டால், போகலாம், ஆனால் ஏ9இல் போக வேண்டும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி வருகிற ஆசை நியாயம்தான், அதற்குப் பஸ் இருக்கிறது. லொறி ஓரமாக உரசிக்கொண்டு போகிற வீதியில் இந்தச் சைக்கிள் பயந்துகொண்டுதான் ஓடும். முறிகண்டியில் இருந்து அக்கராயன் பக்கம் திரும்புகிற வீதி வேறு கதை, மரநிழல், வாகனம் குறைவு, குளத்தடிவரை ஆறுதலாகப் போகலாம்.

விலை. நான் கொடுத்தது 34,000 ரூபா, சொன்ன விலையில் இருந்து கொஞ்சம் குறைத்து. ரயர், ரியூப், பிறேக் பட்டி, இரண்டு சில்லுக்கும் கோணல் எடுத்துக் கிரீஸ் மாற்றிய கூலி எல்லாம் சேர 42,000 வரை வந்தது. கடையில் நிற்கும்போது முன்சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டு லைற் எரிகிறதா என்று பாருங்கள், சென்சர் கண்ணை விரலால் மூடிக்கொண்டு பார்த்தால்தான் எரியும், தெரியாமல் பழுது என்று விட்டுவிட வேண்டாம். பின்சில்லில் உள்ள வளையப் பூட்டுக்குத் திறப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், கன சைக்கிளுக்கு இல்லை, பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் தருகிறார்கள். கடைக்காரர் ஆறு மாத உத்தரவாதம் என்று வாயால் சொன்னார், பில் கேட்டபோது அது எழுத்தில் வரவில்லை. ஐந்தடி எட்டுக்கு மேல் உயரமானவர்கள் சீற்றை முழுக்க உயர்த்தி ஒருமுறை ஓடிப் பார்த்தே வாங்க வேண்டும், முழங்கால் ஹாண்டிலில் முட்டினால் கடைக்காரர் என்ன சொன்னாலும் காசைக் கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.